திருப்பித் தராத கடன்

பி.காம். முதல் வருஷத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒரு பற்று இருந்தால் அதற்கு ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும் என்பது. கடன் என்றால் வாங்கினவர் புத்தகத்திலும் ஏறும், கொடுத்தவர் புத்தகத்திலும் ஏறும்.

நம் பள்ளிக்கூடங்களில் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரு கடன் இருக்கிறது. கணக்கு வாத்தியார் வாங்குவார். சயின்ஸ் டீச்சர் வாங்குவார். போர்ஷன் முடிக்காத யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கொடுப்பவனிடம் சம்மதம் கேட்பதில்லை. திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அந்தக் கடனுக்குப் பெயர் பி.டி. பீரியட்.

2024ல் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள். டைம்டேபிளில் அச்சடித்திருக்கும் ஒரு வகுப்பை தயவுசெய்து நடத்துங்கள் என்று ஆட்சியில் இருப்பவரே வேண்டுகோள் விடுக்க வேண்டிய ஒரே பாடம் இதுதான். வேறு எந்தப் பாடத்துக்காவது இந்த கதி உண்டா?

சரி, ஒரு வருஷக் கணக்கைப் போட்டுவிடுவோம். வாரத்துக்கு 2 பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம், வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 பீரியட், சுமார் 53 மணி நேரம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வருஷத்துக்கு 365 மணி நேரம். அதாவது, ஒரு பீரியடைக்கூட யாரும் தொடாமல் இருந்தாலும் பள்ளிக்கூடம் தருவது ஏழில் ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கும் கைக்கு வருகிறதா? ஜூன் மாதம் புத்தகம், நோட்டு, சீருடை கொடுப்பதில் போகும். ஆகஸ்டில் சுதந்திர தின அணிவகுப்பு, அதுவும் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பரீட்சைக்கு முன்னால் ரெண்டு வாரம் கிரவுண்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஜனவரிக்குப் பிறகு ரிவிஷன் டெஸ்ட். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் கேட்கவே வேண்டாம். பல பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளுக்கு பி.டி. பீரியட் டைம்டேபிளில்கூட இருக்காது.

நடுவில் ஸ்போர்ட்ஸ் டே என்று ஒரு திருவிழா வரும். அதற்கு முன்னால் பதினைந்து நாள் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி மார்ச் பாஸ்ட் பழக்குவார்கள். சிறப்பு விருந்தினர் வருவார், பலூன் பறக்கும். 100 மீட்டரில் ஜெயித்த அதே பையன் 200 மீட்டரிலும் ஜெயிப்பான், ரிலேயிலும் ஓடுவான். மற்ற எழுநூறு பேர் தரையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அந்த எழுநூறு பேரும் அந்த வருஷம் விளையாடியது கைதட்டல்தான்!

இதில் பி.டி. மாஸ்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பாவம், அவர் செய்கிற வேலையைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். காலையில் பிரேயர் லைன் ஒழுங்கு, லேட்டாக வந்தவனை நிறுத்திவைப்பது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, இலவச சைக்கிள் வந்தால் இறக்கிவைப்பது, விழாவுக்கு நாற்காலி போடுவது. பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு போலீஸ்காரர். விளையாட்டு வாத்தியார் என்பதே மறந்துபோய், அவரைக் கண்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருவேளை அதைத்தான் ஓட்டப் பயிற்சி என்று கணக்கில் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்கிறது. ஆறாவது முதல் எட்டாவது வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. பகுதிநேரம். சட்டமே அரை மனசாகத்தான் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012ல் உடற்கல்வி, ஓவியம், தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அது மெல்ல மெல்ல ஏறி 10,000 ஆக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர், சாயங்காலம் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பயிற்சி கொடுப்பாரா, வேறு வேலைக்கு ஓடுவாரா?

தனியார் பள்ளிகளின் கதை வேறு. அங்கே ஆள் இருப்பார், இடம் இருக்காது. சிட்டிபாபு கமிட்டி சொன்னபடி, மெட்ரிக் பள்ளிக்கு மாநகராட்சிப் பகுதியில் குறைந்தது 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர் என்று 2004ல் விதி வந்தது. 6 கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. கட்டடம், வராந்தா, வேன் நிறுத்துமிடம் எல்லாம் அதற்குள்தான். ஒரு முழு ஃபுட்பால் மைதானத்துக்கு மட்டுமே 32 கிரவுண்டு வேண்டும். அந்த 6 கிரவுண்டுகூட இல்லாத நூற்றுக்கணக்கான பள்ளிகள் தற்காலிக அங்கீகாரத்திலேயே வருஷக்கணக்கில் ஓடின. ஆனால் ஃபீஸ் ரசீதில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். இல்லாத கிரவுண்டுக்கு வசூல்! எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு. சபை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

இடமில்லை என்பதும் பாதிதான் உண்மை. கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், சுமார் 1,400 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்குள் தாராளமாக அடங்கும். வாலிபால் ஆடுகளமும் அடங்கும். சாமான் வாங்கக் காசில்லை என்றால், கபடிக்கு என்ன சாமான் வேண்டும்? சுண்ணாம்புக் கோடும் மூச்சும் போதும்.

“விளையாடி எல்லாரும் டெண்டுல்கர் ஆகப்போறாங்களா சார்?” என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. கணக்குப் படித்த எல்லாரும் ராமானுஜன் ஆகிவிட்டார்களா? கணக்கு எதற்குச் சொல்லிக்கொடுக்கிறோமோ, அதே காரணத்துக்குத்தான் விளையாட்டும். தோற்றால் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கி மறுநாள் திரும்ப வர வேண்டும் என்பதை கிரவுண்டைப்போல் எந்தப் பாடமும் சொல்லித் தராது. ரிசல்ட் அன்று பிள்ளையை ஒரு நிமிஷம் தனியாக விட பயப்படுகிற நாம், தோற்கப் பழகும் ஒரே வகுப்பையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொள்ளை இன்னும் சுலபம். பெரியவளாகிவிட்டாள் என்றால் அந்தப் பீரியடில் அவள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். உடை மாற்ற ஓர் அறை இல்லை, பெண் உடற்கல்வி ஆசிரியை இல்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை. ‘அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று முடித்துவிடுவோம்.

பதக்கம் வாங்கினால் மட்டும் எல்லாரும் வந்துவிடுவோம். 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. நல்ல விஷயம். 2025ல் பஹ்ரைனில் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்திய அணி கபடியில் தங்கம் வாங்கியது. அரசு 25 லட்சம் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கார்த்திகாவோடு ஓடியாடி, பதக்கம் வாங்காமல் நின்றுபோன பெண்களுக்கு என்ன கொடுத்தோம்? பரிசுத் தொகை ஜெயித்தவருக்கு. பீரியட் எல்லாருக்கும். நாம் முதலாவதை ஏற்றிக்கொண்டே போகிறோம், ரெண்டாவதைத் திருடிக்கொண்டே இருக்கிறோம்.

நான் கேட்பது ஸ்டேடியம் அல்ல. மூன்றே விஷயம். கடன் வாங்கிய பி.டி. பீரியட் எல்லாம் தேதி, வாங்கியவர் பெயரோடு பதிவேட்டில் ஏறட்டும். அதே வாரத்தில் திரும்பி வரட்டும். பி.டி. மாஸ்டர் விளையாட்டைத் தவிர வேறெந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஃபீஸ் வாங்கும் பள்ளி, கட்டடம் போக மிச்சமிருக்கும் வெற்றிடம் எத்தனை சதுர அடி என்று வாசலில் எழுதிவைக்கட்டும்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ‘மேத்ஸ்ல எத்தனை மார்க்?’ என்பதற்கு முன்னால், ‘போன மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கடன் கொடுத்தவனுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. அவனுக்குப் பத்து வயசுதான் ஆகிறது, வாய் திறந்தால் வெளியே நிற்கவைப்பார்கள். அவனுக்குப் பதிலாக நாம்தான் கேட்க வேண்டும்.