கணக்கும் நம்பிக்கையும்

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள பிள்ளைப்பாக்கம் இன்று சிப்காட் தொழிற்பேட்டையினால் பெயர் பெற்று விளங்குகிறது. அங்கிருந்து ஒரகடம் வரையில் பரந்திருக்கும் தொழிற்பிரதேசத்தில், பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் அநேகம். அவற்றின் யந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். கணக்குப் புஸ்தகங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. யந்திரம் பழுதுபட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். கணக்கில் நேர்ந்த பழுது வெளிப்படுவதற்குள் மூலதனமே கரைந்து போகக்கூடும்.

சிறு தொழில்களில் நாம் சாதாரணமாகக் காண்பது என்ன? நெடுநாள் இருப்பவர், நம்பிக்கையுள்ளவர் என்ற காரணத்தால் ஒருவரிடமே சகல பொறுப்பையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். சரக்குக்கு ஆர்டர் கொடுப்பவர், வந்த சரக்கை ஏற்றுக் கையொப்பமிடுபவர், பில்லுக்குப் பணம் அனுப்புபவர், அதைக் கணக்கில் பதிபவர் எல்லாம் அவரே. வராத சரக்குக்குப் பணம் போவதும், இல்லாத ஆளின் பெயரில் கூலி எழுதப்படுவதும் இந்த வழியாகத்தான். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று சொல்லிச் சிரித்துவிடுவது நம்மவர் வழக்கம். அந்தச் சிரிப்பில் நாம் கலந்துகொள்ள மாட்டோம். அந்தத் தேன் யாருடையது? தொழில் நொடித்தால் முதலாளிக்கு நஷ்டம். தொழிலாளிக்கோ அடுப்பே அணைந்துவிடுகிறது.

பெயரை நம்பி மோசம் போவது சிறியோர் மட்டுமல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதன் கௌரவத்தை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கதிகலங்கினர். அதன் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டனை அடைந்தார். நூறாண்டு கழித்தும் பாடம் படியவில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கியிருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். வங்கிகளிடம் நேரே கேட்டு இருப்பை உறுதிசெய்துகொள்ளும் சாமானியமான கடமையை ஆடிட்டர்கள் சரிவரச் செய்திருந்தால் இந்தப் பொய் அத்தனை காலம் நின்றிருக்குமா?

கணக்கைச் சோதிக்கும் முறை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்ததன்று. இதே ஜில்லாவில் உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய உறவினரும் குடவோலைக்கு உரியவரல்லர் என்று அவை விதிக்கின்றன. கணக்கு எழுதுபவர் தம் காலத்துக் கணக்கைப் பெரியோரிடம் ஒப்புவித்துச் சுத்தர் என்று பெயர் பெற்ற பிறகே மீண்டும் அப்பதவிக்கு வரலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபை கண்ட நியாயம் இன்று ஒரு தொழிற்சாலைக்குப் பொருந்தாதா?

சத்யம் விவகாரத்துக்குப் பின் வந்த 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், உள்கட்டுப்பாடுகளைப் பற்றியும் ஆடிட்டர் அபிப்பிராயம் கூறவேண்டும் என்றது. ஆனால் 2017-ல், விற்பனை 50 கோடிக்கும் கடன் 25 கோடிக்கும் குறைந்த தனியார் கம்பெனிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், திருத்தங்களின் தடயத்தை அழியாமல் காக்கும் மென்பொருளிலேயே கம்பெனிகள் கணக்கு வைக்கவேண்டும் என்ற விதி அமுலில் இருக்கிறது. தடயம் இருந்தால் போதாது. அதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

சட்டம் விலக்கு அளித்தாலும் விவேகம் அளிக்காது. ஆர்டர், சரக்கு வரவு, பணம் ஆகிய மூன்றையும் ஒரே கையில் விடலாகாது. ரொக்கம் வைத்திருப்பவர் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கலாகாது. ஆட்கள் போதாவிட்டால், வங்கியிலிருந்து வரும் கணக்கை முதலாளி மாதந்தோறும் தாமே பார்க்கட்டும். கூலிப் பட்டியலை வாயிற் பதிவோடு ஒத்துப் பார்க்கட்டும். கணக்கருக்கு வருஷத்தில் இரண்டு வாரம் விடுமுறை அளித்து, அந்நாட்களில் வேறொருவரை எழுதச் சொல்லட்டும்.

இது கணக்கரைச் சந்தேகிப்பதாகும் என்று சிலர் வருந்தக்கூடும். சோதனை இல்லாத இடத்தில் ஒருவன் திருடினால் பழி அனைவர் மீதும் விழுகிறது. யோக்கியனுக்குத் தன்னை நிரூபிக்க வழியே இராது. ஆகையால் சோதனை யோக்கியனுக்குக் கவசமேயன்றி அவமானமன்று. பிள்ளைப்பாக்கத்து முதலாளிமார் இதை உணர்ந்து, வரும் நிதியாண்டின் முதல் நாளிலேயே இம்முறைகளைக் கைக்கொள்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.