முதியோரின் பாட்டை மௌனமாக்காதீர்!

‘வயதாகிவிட்டது, எல்லாம் மறந்துபோகிறது’ என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நாம், அவர்கள் மறக்காதது எது என்று ஒருநாளேனும் கேட்டோமா?

ஓசூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1980இல் அசோக் லேலண்டு ஆலையும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகார ஆலையும் அங்கே எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடிச் சென்றோர் அங்கேயே காலூன்றி, பின்னர் ஊரிலிருந்த பெற்றோரையும் அழைத்துக்கொண்டனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் அவ்வெல்லைப்புறத்தில், வந்து சேர்ந்த முதியவருக்குத் தெருவும் புதிது, பேச்சும் புதிது. இரவு ஷிப்டு முடித்த மகன் பகலில் உறங்குகிறான். நன்னி மெல்லப் பாடத் தொடங்கினால், ‘சத்தம் வேண்டாம்’ என்று வீடே கையமர்த்துகிறது. மகனின் உறக்கம் நியாயமானதே. ஆனால் அவன் விழித்தெழுந்த பின்னும் அந்தத் தடை நீங்குவதில்லையே! அப்போது தொலைக்காட்சி பேசுகிறது. நன்னி வாய்மூடி அமர்ந்திருக்கிறார். இது நீதியாகுமா?

பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்போர் நம் மத்ரஸாக்களைப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 672இல் மறைந்த இப்னு மாலிக், அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் பாடலடிகளில் ‘அல்ஃபிய்யா’ என்னும் நூலாக யாத்தார். செய்யுளாக அமைந்ததன் பயன் என்ன? ஒரு சொல் நழுவினால், சந்தமே அடுத்த சொல்லை நாவுக்கு எடுத்துக்கொடுக்கும். 2015இல் வெளியான, ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்களின் ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது: அல்ஸைமர் நோயில், நெடுநாள் பழகிய பாட்டுக்குரிய மூளைப்பகுதிகள் ஒப்பளவில் குறைவாகவே தேய்கின்றன. பாட்டு அந்நோயைக் குணப்படுத்தாது. மருத்துவரை நாடியே ஆகவேண்டும். எனினும், பெயர்கள் மறைந்த பின்னும் பாட்டு எஞ்சுவதுண்டு. அந்த வாசலை நாமே அடைப்பது எத்துணைப் பெரிய அறியாமை!

‘கைப்பேசியில் இல்லாத பாட்டா?’ என்று இளைஞர் கேட்பர். எந்தப் பாட்டு என்று கைப்பேசிக்கு யார் சொல்வது? பெரும்பாலும் இளமையில் கேட்டவையே நெஞ்சில் ஆழப் பதிகின்றன. ஒருவருக்கு அது நாகூர் ஹனீபாவின் குரல். மற்றொருவருக்குத் தாயின் தாலாட்டு. தக்காணத்துச் சூஃபிகளின் மரபில், பெண்கள் திருகை அரைக்கும்போது பாடவென்றே ‘சக்கி நாமா’ என்னும் பாடல்கள் பிறந்தன. வீடுகளில் திருகை ஓய்ந்தது. அதனோடு பாட்டும் ஓய்ந்தது. அடுக்களையில் பாடியதையும் தொட்டிலருகே பாடியதையும் எந்த இசைத்தட்டும் பதிந்து வைக்கவில்லை. அவை இருக்குமிடம் ஒரு மூதாட்டியின் நெஞ்சு மட்டுமே.

இசைக்கருவி கூடுமா, கூடாதா என்று சிலர் குறுக்கிடக்கூடும். அவ்விவாதம் இங்கே தேவையில்லை. தாலாட்டுக்குக் கருவி வேண்டுவதில்லை.

பொருள் சேர்க்க எல்லைப்புறம் சென்ற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் ஓய்வு நாளில் குழந்தையைத் தாதியின், நன்னியின் அருகில் அமர்த்துங்கள். ‘சின்ன வயதில் என்ன பாடுவீர்கள்?’ என்று கேளுங்கள். முதலடியையேனும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாளை மறதி முற்றி, பெற்ற மகனின் பெயரே நினைவுக்கு வராத நாளில், பக்கத்தில் அமர்ந்து அவ்வடியை எடுத்துக்கொடுக்க வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டாமா? அன்று கற்க முடியாது, இன்றே கற்றுக்கொள்ளுங்கள்!