இரண்டு நிமிட ஆகாயப் பயணம் வீண்தானா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். இரண்டிலும் சிறு விமான நிலையங்கள் உண்டு. இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் கண்ட பயண நேரம் 2 நிமிடம்! உலகிலேயே மிகக் குறுகிய தினசரி விமானப் பயணம் இதுவே. இதைப் படித்ததும் நாங்கள் சிரித்துவிட்டோம். இவ்வளவு தூரம் நடந்தே பள்ளிக்கு வருகிறவர்கள் எங்களில் பலர். இதற்கு ஓர் ஆகாய விமானமா?

சிரிப்பு அடங்கியபின் கணக்குப் போட்டோம். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகமென்றால் 40 விநாடியே போதும். ஆனால் எழும்பவும் இறங்கவும் நேரம் வேண்டாமா? காற்று துணை செய்த ஒரு நாளில் 53 விநாடியில் பறந்ததுதான் இதுவரை சாதனை.

1967-ல் தொடங்கிய இச்சேவைக்கு உள்ளாட்சி மன்றம் மானியம் தருகிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 90 பேரே வசித்தார்கள். "தொண்ணூறு பேருக்காகப் பொதுப்பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வகுப்பிலும் கேட்டார்கள்.

கேட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த விமானம் இரண்டு நிமிடத்துக்காக மட்டும் பறப்பதன்று. தலைநகரான கர்க்வாலிலிருந்து கிளம்பி, டவுன் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்பதுபோல, இரு தீவுகளிலும் இறங்கிச் செல்கிறது. பெரிய ஆஸ்பத்திரி இருப்பது கர்க்வாலில். அங்கிருந்து வெஸ்ட்ரேக்கு மட்டுமே கப்பலில் ஏறத்தாழ ஒன்றரை மணி ஆகும். விமானத்தில் கால் மணி. ஏறுகிறவர்களில் நோயாளிகளும், தீவுக்குத் தீவு சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வேடிக்கைக்காக வரும் சுற்றுலாக்காரர்களும் உண்டு. அவர்கள் கட்டணமும் சேவைக்கு உதவிதானே! எட்டுப் பேரே அமரும் சிறு விமானம் அது. விமானியின் பக்கத்து இருக்கையிலும் பயணி அமரலாமாம். (எங்களுக்குக் கிடைத்தால் விடமாட்டோம்.)

ஆகவே இச்செலவு நியாயமே என்பது எங்கள் கருத்து. பாப்பா வெஸ்ட்ரேயில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வீடு இன்றும் நிற்கிறது. அத்தனை காலம் மனிதர் வாழ்ந்த மண், போக்குவரத்து இன்மையால் வெறிச்சோடிப் போகலாமா? இது வீண் பயமன்று. ஸ்காட்லாந்தின் மேற்கே செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம். மாரிக்காலத்தில் வெளித் தொடர்பு அற்றுப்போகும். நோய் வந்தால் டாக்டர் இல்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டனர். எஞ்சியிருந்தவர்கள் தங்களை அழைத்துச் செல்லும்படி தாங்களே அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1930 ஆகஸ்டு 29 அன்று 36 பேரும் கப்பலேறினார்கள். அவ்வீடுகளுக்கு அவர்கள் குடியிருக்கத் திரும்பவேயில்லை.