ஆட்சி கேட்க விரும்பிய சதி

1962 ஜனவரி 27 இரவு அமைச்சர்களைக் கைதுசெய்து பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியைக் கவிழ்க்க, பொலிஸ், இராணுவ உயரதிகாரிகள் சிலர் நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சதியை உடைத்தது ஒற்றர் படை அல்ல. சதிகாரர் கூட்டுச் சேர்க்கப் பார்த்த பொலிஸ் அத்தியட்சகர் ஸ்ரான்லி சேனநாயக்க வீட்டில் மனைவியிடம் வாய் திறந்தார். விடயம் மாமனார் பி. டி எஸ். குலரத்னவின் காதுக்குப் போனது. அவர் ஆளுங்கட்சி எம்.பி.; பொலிஸ் மா அதிபருக்குச் சொன்னார். கதை அன்றிரவே முடிந்தது.

சதி உண்மை. ஆனாலும் அரசு அவசரப்பட்டது. நடந்து முடிந்த குற்றத்துக்கு ஏற்றபடி புதுச் சட்டம் தைத்து 11 பேருக்குப் பத்தாண்டுச் சிறை வாங்கிக்கொடுத்தது. 1965 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகம் அந்தச் சட்டமே செல்லாது என்று எல்லாரையும் விடுவித்தது.

இனி 2018. பொலிஸ் தகவலாளியாக இருந்த நாமல் குமார, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவையும் கொல்லத் திட்டமிருப்பதாக ஒலிப்பதிவுகளோடு ஊடகங்களின் முன் வந்தார். பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவராக இருந்த நாலக சில்வா ஒக்டோபரில் கைதானார். அதே மாதம் 26ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நீக்கப்பட்டார். நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் ஜனாதிபதி சொன்ன முக்கிய காரணங்களில் ஒன்று இந்தக் கொலைச்சதி. ஒரு தகவலாளியின் கைத்தொலைபேசி அரசியலமைப்பு நெருக்கடிக்கே சாட்சியாகிவிட்டது!

அந்தச் சதி மெய்யா பொய்யா என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் நாலக சில்வாவின் மேசையில் இருந்த கோப்புகளில் ஒன்று, பின்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமுடையது. தான் பதவியிலிருந்து விலக்கப்பட்ட பின் அந்த விசாரணை முடங்கியது என்று அவர் பின்னர் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவிடம் சொன்னார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து சஹ்ரானின் பெயரோடேயே எச்சரிக்கை வந்தது. அது கடிதமாகி மேசை மேசையாக நகர்ந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்புகளில் 250க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கிட்டத்தட்ட நாலு வருடம் கழித்து, 2023 ஜனவரி 12 அன்று, சிறிசேன 10 கோடி ரூபாவும் அரச புலனாய்வுச் சேவையின் அன்றைய தலைவர் நிலந்த ஜயவர்தன ஏழரைக் கோடியும் நட்டஈடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தனக்கு எதிரான சதி என்றதும் எழுந்து நின்ற அரசு, சனத்துக்கு எதிரான சதியைக் கோப்பில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

கண் இல்லாத அரசா இது? யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் கடந்தால் மண்கும்பான். பனையும் வெள்ளை மணலும் கொஞ்ச வீடுகளும். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அம்மா, மகன் எந்த நாட்டில இருக்கிறார்? எப்ப வந்திட்டுப் போனவர்?" என்று கேட்டால், "தம்பி ஆர்?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சீஐடி என்று விளங்கும். நினைவேந்தலுக்கு யார் விளக்கேற்றினார் என்பதுவரை குறிப்பெடுக்க ஆள் இருக்கிறது. இதே தீவில், பக்கத்து அல்லைப்பிட்டியிலும் அயல் ஊர்களிலும், 2006 மே 13 இரவு கைக்குழந்தை உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீவகம் அப்போது கடற்படையின் பிடிக்குள் இருந்தது. அந்தக் கொலைகளுக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஆகவே புலனாய்வுக்கு ஆள் போதாது, அதிகாரம் போதாது என்று கொழும்பு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வந்த எச்சரிக்கை எது, யாரிடம் போனது, அவர் என்ன செய்தார் என்பதற்குப் புலனாய்வுத் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் மூடிய அறையிலாவது பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் எதிர்க்கட்சி இருக்கவேண்டும். தமிழ், முஸ்லிம் எம்.பி.க்களும் இருக்கவேண்டும். அடுத்தமுறை வாக்குக் கேட்டுத் தீவகத்துக்கு வருபவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.