தாளும் ஆளும்

"விசா முடிந்தும் நாட்டைவிட்டுப் போகாமல் இருந்தவன் பிடிபட்டான்" என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் போதும். படிப்பவர் முகம் சுளிக்கிறார். திருடன், ஒற்றன், போதைப்பொருள் விற்பவன் என்று மூன்று பட்டங்களை அவனுக்கு முன்கூட்டியே சூட்டிவிடுகிறார். அவன் ஏன் தங்கினான், எவ்வாறு தங்க நேர்ந்தது என்று கேட்பவர் இலர். புனேயில் படிக்கும் நாமும் அவ்வாறே நினைப்பது நமக்கு அழகன்று.

பூனா என்று நம் பெரியவர்கள் இன்னமும் வாய் நிறையச் சொல்லும் இந்நகரம் பிற நாட்டு மாணவர்களுக்குத் தாய்வீடு போன்றது. ஈரானியர், ஏமன் நாட்டினர், ஆப்கானியர், சூடானியர், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் மக்கள் நம்மோடு ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஒரே விடுதியில் உண்கிறார்கள். மஞ்சள்காமாலையால் விடுதி அறையில் கிடந்த வெளிநாட்டு மாணவன் ஒருவனுக்கு ஒரு பெண் சன்னல் வழியே உணவு கொடுப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்த பேராசிரியர் முஜும்தார், 1971-இல் சிம்பயாசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார் என்பது இவ்வூரார் அறிந்த வரலாறு. அத்தகைய ஊரில் வாழும் நமக்கு, பக்கத்து அறைக்காரனின் பாஸ்போர்ட் தொலைந்தால் அவனுக்கு என்ன நேரும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் நகரம் தாலிபான்கள் வசமாயிற்று. அந்நாளில் புனேயில் பயின்ற ஆப்கானிய மாணவர்கள் இரு கூறாகப் பிரிந்து நின்றனர். ஒரு சாரார் இங்கே இருந்தனர். அவர்களுள் பலருக்குப் படிப்பும் விசாவும் முடியும் தறுவாய். மற்றொரு சாரார் கொரோனா காலத்தில் வீடு சென்று, அங்கிருந்தே கணினி வழியாகப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுடைய புத்தகங்களும் துணிமணிகளும் இங்கே வாடகை அறைகளில் இருந்தன. ஆகஸ்டு 25 அன்று இந்திய அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆப்கானியர் சிலரின் பாஸ்போர்ட்டுகள் காணாமற்போயின என்று செய்தி வந்திருப்பதால், அப்போது இந்தியாவில் இல்லாத ஆப்கானியர் அனைவரின் பழைய விசாக்களும் செல்லா என்பதே அந்த அறிவிப்பு. இனி வருவோர் புதிய மின்னணு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம்.

சிலருடைய பாஸ்போர்ட் தொலைந்தது. எல்லோருடைய விசாவும் போயிற்று! போலிகள் நுழைந்துவிடலாம் என்று அரசாங்கம் அஞ்சியது நியாயமே. காபூலில் தூதரகமே காலி செய்யப்பட்டிருந்த நேரம் அது. ஆயினும், புனேயில் கட்டணம் கட்டி, பெயர் பதிந்து, பாதிப் படிப்பையும் முடித்துவிட்ட மாணவன் என்ன பிழை செய்தான்? அவன் பெயர் நம் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருந்ததே! அதைப் பார்த்து ஆளை அடையாளம் காண இயலாதா?

இங்கே இருந்தவர்களின் நிலை வேறு வகையில் கொடியது. விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய ஊரிலோ ஆட்சி மாறிவிட்டது. விசாவை நீட்டிக்கச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் தூதரகம் வேண்டும். டில்லியிலிருந்த ஆப்கானியத் தூதரகமோ கதவை நிரந்தரமாக மூடுவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. இவன் என் செய்வான்?

அரசாங்கம் மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கும் அதே காலம் சான்று. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது இந்தியாவில் சிக்கிய வெளிநாட்டாரின் விசாக்களை நம் அரசாங்கம் கட்டணமின்றி, தவணை தவணையாக, 2021 செப்டம்பர் 30 வரை நீட்டித்தது. தவணை கடந்ததற்கு அபராதம் கேட்கவில்லை. ஆள் தன் விருப்பத்தால் தங்கவில்லை, போக வழியில்லாமல் தங்கினான் என்று ஒத்துக்கொண்டது. அந்த அறிவு கொரோனாவோடு போய்விட வேண்டுமா என்பதே என் கேள்வி.

நுழைவுச் சீட்டு இன்று நேற்று வந்ததன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் முத்திரைச் சீட்டு வழங்கும் அதிகாரியைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. சீட்டுக்கு ஒரு மாஷம் கட்டணம், சீட்டின்றி நுழையும் நாட்டானுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். நம் பக்கத்திலோ, வேற்றூரில் சான்று காட்ட இயலாத ஒருவனை விசாரியாமல் தண்டித்தால் என்னாகும் என்பதற்கு ஒரு காப்பியமே இருக்கிறது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது, அது தனது என்று காட்டும் சீட்டு இல்லை! (தமிழ் மன்றத்தார் இந்த உவமைக்காக என்மேல் வழக்குத் தொடரமாட்டார்கள் என நம்புகிறேன்.)

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விசா கடந்து தங்குவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முறையான பாஸ்போர்ட்டோ விசாவோ இன்றி நுழைவோருக்கு 5 ஆண்டு, 5 லட்சம் என்பது உச்ச வரம்பு. எல்லோருக்கும் இந்த உச்ச தண்டனை விழுவதில்லை. அபராதத்தோடு முடிவன பல. 2019 நவம்பரில் கொல்கத்தாவுக்கு அணியோடு வந்த வங்கதேசக் கிரிக்கெட் வீரர் சைஃப் ஹசன், விசா முடிந்ததை விமான நிலையத்தில்தான் அறிந்தார். 21,600 ரூபாய் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் வாரியமும் ஒரு தூதரகமும் நின்றன. விடுதி மாணவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்?

தமிழனுக்கு இதில் என்ன என்று கேட்பவர் இருப்பர். அவர்களுக்கு இரண்டு செய்திகள். 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் பாஸ்போர்ட்டும் விசாவும் தேடிக்கொண்டா தோணி ஏறினர்? முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் சட்டத்தின் ஏட்டில் நெடுங்காலம் அத்துமீறித் தங்கியவர்களாகவே இருந்தனர். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் அக்கரையைப் பாருங்கள். அதே ஆண்டு மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முன்னொரு காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம்! உயிர் தப்ப ஓடியவனிடம் போன வழிக்குச் சீட்டுக் கேட்கும் சட்டத்தை என்னென்பது?

இன்னொன்று வளைகுடா. அங்கே கூலி வேலைக்குப் போன நம் உறவினர் பலரின் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் கிடக்கிறது. நம் பாஸ்போர்ட் சட்டப்படி (1967) அது இந்திய அரசாங்கத்தின் சொத்து. முதலாளி பிடித்துவைக்க உரிமையே இல்லை. கொடுமை தாங்காமல் வேலையைவிட்டு ஓடியவன் அன்றே பாஸ்போர்ட் இழந்தவனும் ஆகிறான், சில நாளில் விசா இழந்தவனும் ஆகிறான். ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை பொதுமன்னிப்பு அளித்தது. வந்து பதிந்தவர் அபராதமின்றி, மீண்டும் வரத் தடையுமின்றி வெளியேறலாம் என்றது. பாஸ்போர்ட் இல்லாத இந்தியர் நம் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெற்றுத் திரும்பினர். மன்னிப்பு என்றதும் மறைந்திருந்தவர்கள் தாமே வெளியே வந்தனர். போலீஸை ஏவித் தேடியிருந்தால் இத்தனை பேர் அகப்பட்டிருப்பார்களா?

என் கருத்து இதுதான். ஒளிந்துகொள்பவனையும், தானே வந்து "என் தவணை கடந்துவிட்டது" என்று சொல்பவனையும் சட்டம் ஒரே தராசில் வைக்கலாகாது. மாணவன் ஒருவன் கல்லூரிச் சான்றோடு தானாக வந்தால் அவன்மேல் குற்ற வழக்கு வேண்டாம். குறித்த ஒரு சிறு கட்டணமும், எழுத்தில் ஒரு தேதியும் போதும். பாஸ்போர்ட் தொலைந்ததாகப் போலீசில் பதிந்த நாள் முதல், அவன் நாட்டுத் தூதரகம் புதியது கொடுக்கும் நாள் வரை ஆகும் காலத்தை அத்துமீறலாகக் கணக்கிடலாகாது. அந்தத் தாமதம் தூதரகத்தினுடையது, அவனுடையதன்று.

நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்பர். மாணவன் என்ற போர்வையில் கள்ளத் தொழில் செய்வோர் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் தாமாக அலுவலகப் படியேற மாட்டார்கள். நேர்மையாளருக்குக் கதவைத் திறந்துவிட்டால், தேட வேண்டியவர் தொகை குறையும். தேடும் போலீசாருக்கும் அது வசதியே.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது சிறிது உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிய வேண்டும். அவரைத் தங்கவைத்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புனேயில் இது போலீஸ் கமிஷனர் அலுவலகத்தைச் சேர்ந்த வேலை. 2018 முதல் இணையத்தின் வழியாகவும் நடக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் பெற வேண்டும், பிறகு தூதரகம், அதன் பிறகே புதிய பாஸ்போர்ட்டில் விசாவை மாற்றுவதோ வெளியேறும் அனுமதியோ. இந்த வரிசை தப்பினால் மாதக்கணக்கில் அலைச்சல். அயல்நாடு செல்லவிருக்கும் நம்மவர்க்கும் இதே வரிசைதான். அமெரிக்கா செல்வோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறியவர் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் 10 ஆண்டும் மீண்டும் நுழைய இயலாது. பாஸ்போர்ட்டின் முதற்பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் நகலெடுத்து வீட்டில் ஒன்று, நண்பனிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.

நம் சங்கத்தார் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கை இதற்குத் தரலாம். வாரத்தில் ஒரு மாலை, சங்க அறையில் ஒரு மேசை. எந்த நாட்டு மாணவரும் வந்து விண்ணப்பம் எழுத உதவி கேட்கலாம். இதைத் தீர்மானமாக அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவருகிறேன். போலீஸ் நிலையங்களில் புகார் எழுத மராத்தி நன்கு தெரிந்த நண்பர் இருவர் வேண்டும். சட்டக் கல்லூரியில் படிப்பவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நன்று. விருப்பமுள்ளோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.