கூரையில் கதிரொளி, கூடத்தில் காரிருள்!

2018 நவம்பர் 16! கஜா புயல் வேதாரண்யக் கரையைச் சூறையாடிய நாள். மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் வாடின. அந்த இரவுகளை மறந்தோர்தாமா இன்று திட்டம் தீட்டுகின்றனர்?

2024-இல் மத்திய அரசு அறிவித்த கூரைச் சூரிய மின் திட்டம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தரட்டும், வரவேற்போம்! ஆயின், அது மின்வாரியக் கம்பியோடு பிணைந்த தகட்டுக்கே. கம்பியில் மின்சாரம் நின்றால் இந்த ஏற்பாடும் நின்றுவிடும். வெளியே கதிரவன் காய்வான். வீட்டில் விசிறி சுழலாது! கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிர்காக்கும் முறை அது, அதனைக் குறைகூறோம். வாங்குவோனிடம் அதைச் சொல்லாமல் விற்போரைத்தான் கேட்கிறோம். பாட்டரி சேர்ந்தாலன்றோ இருளுக்கு விளக்கு! அந்தப் பாட்டரிக்கு மானியத்தில் இடமில்லை.

ஏழைக்கு 3 கிலோவாட் எதற்கு? 100 வாட் தகடு ஒன்று, நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி தரும். 9 வாட் விளக்கு மூன்று, 6 மணி நேரம். 28 வாட் டி.சி. விசிறி ஒன்று, 8 மணி நேரம். கணக்கு அதற்குள் அடங்கும். 100 ஆம்பியர்-மணி பாட்டரியும், அதைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் உடன் வேண்டும். அவ்வளவே! புயல் எச்சரிக்கை வந்தால் தகட்டைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளலாம்; மாளிகைக் கூரைக்கு அந்த வசதியும் கிடையாது.

தோழரே, அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேளும்: கடலோரக் குடிசைக்குப் பாட்டரியோடு கூடிய தகடு எப்போது?