சிப்பாயின் சோற்றுக் கணக்கு

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். அக்காலத்தில் நான் எழுதிய வரிகளைவிட வெட்டிய வரிகளே அதிகம். செய்தி ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. ஆனால், வெட்டிய வரிகளுள் ஒன்று மட்டும் இன்றுவரை என்னை விடாமல் தொடர்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு நாள் இரவு, பிராந்திய நிருபர் ஒருவர் மோதல் செய்தியொன்றைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். இடம், நேரம், இரு தரப்பிலும் மாண்டோர் தொகை எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், மாண்டவர்களுள் ஒருவரின் பையில் பாதி தின்ற பாண் துண்டும், காகிதத்தில் சுற்றிய சிறிது சீனியும் இருந்தனவாம் என்றார். எழுதிக்கொண்டேன். பின்னர், பக்கத்தில் இடமில்லை என்று அந்த வரியை நீக்கிவிட்டேன். மறுநாள் காலை வெளிவந்த செய்தியில் எண்கள் மாத்திரமே இருந்தன. அம்மனிதர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்பதை இப்போதும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், வாசகர்களுள் பாதிப் பேருக்குப் பாண் துண்டு மறைந்து தரப்பு மட்டுமே தெரியும்.

ஓய்வுபெற்ற பின்னர் பழைய யுத்தங்களைப் பற்றிய நூல்களை வாசிக்கும்போதெல்லாம் நான் தேடுவது அந்தப் பாண் துண்டைத்தான். பெரும்பாலான நூல்களில் அது அகப்படுவதில்லை. தளபதிகளின் பெயர்கள் இருக்கும்; வரைபடத்தில் அம்புக்குறிகள் இருக்கும்; சிப்பாய் அன்று காலையில் எதைத் தின்றான் என்பது இராது. ஆயினும், உணவுக் கணக்கை எவராலும் மறைக்க முடியாமற்போன சம்பவமொன்று முதலாவது உலக யுத்தத்தில் நிகழ்ந்தது. இன்றைய ஈராக்கில், தைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள கூட் அல் அமாரா என்னும் நகரின் முற்றுகைதான் அது.

1915 நவம்பரில் பக்தாத்தைப் பிடிக்கச் சென்று, டெசிபோன் என்ற இடத்தில் பெரும் இழப்புக்குள்ளாகிப் பின்வாங்கிய பிரித்தானிய இந்தியப் படையின் 6 ஆவது டிவிஷன், மேஜர் ஜெனரல் சார்ள்ஸ் டவுன்சென்டின் தலைமையில் டிசம்பர் 3 ஆம் திகதி கூட் நகரை வந்தடைந்தது. டிசம்பர் 7 ஆம் திகதி துருக்கியப் படைகள் நகரைச் சூழ்ந்துகொண்டன. உள்ளே அகப்பட்டவர்களுள் பிரித்தானியச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு தொகையில் மராட்டியரும் பஞ்சாபியரும் ராஜபுத்திரரும் கூர்க்கரும் இருந்தனர். மாதம் 11 ரூபா சம்பளத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். இவர்களோடு, எந்தச் சம்பளமும் வாங்காத நகரவாசிகளான அராபியர் ஏறக்குறைய 6,000 பேர்.

முற்றுகையின் ஆரம்பத்தில் டவுன்சென்ட் மேலிடத்துக்கு அனுப்பிய தகவல், பிரித்தானியத் துருப்புகளுக்கு ஒரு மாதத்துக்கும் இந்தியத் துருப்புகளுக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குமே உணவு உண்டு என்பதாகும். நகரின் வீடுகளில் என்ன தானியம் இருக்கிறது என்று அப்போது முறையாகத் தேடிப் பார்க்கவில்லை. உணவின் பங்கீட்டைக் குறைக்கவுமில்லை. ஒரு மாதம் என்ற சொல்லை நம்பிய மீட்புப் படை, பீரங்கிகளும் படகுகளும் வைத்தியர்களும் வந்து சேருமுன்னரே, 1916 ஜனவரியின் மழையிலும் சேற்றிலும் அவசரமாக ஏவப்பட்டது. ஷெய்க் சாத், ஹன்னா ஆகிய இடங்களில் காயமடைந்தவர்கள் இரவு முழுவதும் குளிர்ந்த சேற்றில் கிடந்தார்கள். ஜனவரி பிற்பகுதியில்தான் வீடு வீடாகத் தேடுதல் நடத்தப்பட்டுப் பதுக்கிய தானியம் கண்டெடுக்கப்பட்டது. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கணக்கில் சேர்த்தால் மேலும் 84 நாட்களுக்குத் தாங்கும் என்று டவுன்சென்ட் இப்போது அறிவித்தார்! ஏப்ரல் வரை தொடர்ந்த மீட்பு முயற்சிகளில் மாண்டோரும் காயமுற்றோரும் சுமார் 23,000 பேர். அவர்கள் மீட்கப் புறப்பட்டதோ சுமார் 13,000 பேரை. களஞ்சியத்தை எண்ணாமல் விட்ட தவறுக்கு இத்தனை உயிர்கள் விலையாயின.

அடுத்து வந்தது குதிரை இறைச்சிப் பிரச்சினை. பிரித்தானியச் சிப்பாய்கள் அதைத் தின்றார்கள். இந்துக்களும் முஸ்லிம்களுமான இந்தியச் சிப்பாய்களுள் பெரும்பாலானோர் மறுத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்த மதத் தலைவர்களிடமிருந்து அனுமதி பெற்று, கம்பியில்லாத் தந்தி மூலம் அறிவித்தும் அவர்கள் இசையவில்லை. ஏப்ரலில் மாவின் பங்கு நாளொன்றுக்கு 5 அவுன்ஸ் அளவுக்குச் சுருங்கிய பின்னரே அவர்களிற் பலர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்த இறைச்சியைத் தொட்டார்கள். முற்றுகையின் தோல்விக்கு இந்தியரின் இந்தப் பிடிவாதத்தையும் ஒரு காரணமாக டவுன்சென்ட் பிற்காலத்தில் குறை கூறினார். அவரைப் பின்பற்றி எழுதிய சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. அச்சிப்பாய்கள் அஞ்சியது ஊரை. குதிரை தின்றவன் என்ற பெயரோடு திரும்பினால் பந்தியில் இடமிராது. தங்கள் பிள்ளைகளுக்குப் பெண் எடுக்கவோ கொடுக்கவோ எவரும் முன்வரார். தந்தியில் வந்த அனுமதி கிராமத்துத் திண்ணை வரை செல்லுமா? ஊரின் வாயைப் பற்றி நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை அல்லவா? துப்பாக்கியையும் சப்பாத்தையும் கொடுத்த அரசு, நெருக்கடி வந்தால் இவன் எதை உண்பான் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசிக்கவில்லை. குற்றம் யாருடையது?

இதன் விளைவு வைத்திய நூல்களில் இடம்பிடித்தது. புதிய இறைச்சியோ மரக்கறியோ இல்லாத இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வி நோயால் முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, பழைய காயங்களும் ஆறாமல் கிடந்தார்கள். குதிரை இறைச்சி தின்ற பிரித்தானியருக்கு அந்த நோய் வரவில்லை. ஆனால், வெள்ளை மாவில் சுட்ட பாணைத் தின்ற அவர்களைப் பெரிபெரி பீடித்தது. வெள்ளை மா தீர்ந்து, உமியும் தவிடும் கலந்த பார்லி மாவும் ஆட்டா மாவும் அவர்களுக்கும் கொடுக்கப்பட்டதும் பெரிபெரி தணிந்தது. இந்தியர் தின்ற ஆட்டா அவர்களை அந்த நோயிலிருந்து ஏற்கெனவே காத்திருந்தது. ஒரே மதிலுக்குள், ஒரே எதிரிக்கு எதிரே நின்றவர்கள், தட்டில் விழுந்ததைப் பொறுத்து வெவ்வேறு நோய்களால் வீழ்ந்தார்கள்.

பெரிபெரி என்ற சொல் எங்கள் தீவிலிருந்து போனது என்று அகராதிகள் கூறுகின்றன. சிங்களத்தில் 'பெரி' என்றால் இயலாது என்று பொருள். இயலாது, இயலாது என்று இரண்டு முறை சொல்லும் நோய் அது. தேசிக்காயும் தோடம்பழமும் ஸ்கர்வியைக் குணப்படுத்தும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747 இலேயே பரீட்சித்துக் காட்டியிருந்தார். 1795 முதல் பிரித்தானியக் கடற்படையில் அந்தச் சாறு முறையாக வழங்கப்பட்டது. மாலுமிக்குத் தெரிந்திருந்த மருந்து, 120 ஆண்டுகள் கழிந்தும் கூட் நகரத்துச் சிப்பாயின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அறிவு இல்லாமையால் நேர்ந்த மரணங்கள் என்று இவற்றைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கடைசி இரண்டு கிழமைகளில் விமானங்களிலிருந்து உணவு மூட்டைகள் போடப்பட்டன. யுத்த சரித்திரத்தில் முற்றுகைக்குள் விமானம் மூலம் உணவு போட்ட முதலாவது முயற்சி என்று இது பேசப்படுகிறது. போய்ச் சேர்ந்தது 16,000 இறாத்தலுக்குச் சற்று மேல். அத்தனை நாட்களுக்கும் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய ஓர் இறாத்தல்! சில மூட்டைகள் ஆற்றிலும் துருக்கியர் பக்கத்திலும் விழுந்தன. சிப்பாய்கள் நிலத்தில் முளைத்த புல் பூண்டுகளைப் பறித்து அவித்துத் தின்றார்கள். 270 தொன் உணவோடு ஏப்ரல் 24 ஆம் திகதி இரவு புறப்பட்ட ஜுல்னார் என்னும் நீராவிக் கப்பலும் வழியில் அகப்பட்டுக்கொண்டது. ஏப்ரல் 29 ஆம் திகதி நகரம் சரணடைந்தது.

சரணடைந்தவர்களுக்குத் துருக்கியர் கொடுத்தது கல்லைப் போன்ற பிஸ்கட். அவர்களுடைய சிப்பாய்களும் அதைத்தான் தின்றார்கள். மாதக் கணக்கில் பட்டினி கிடந்த வயிறு அதைத் தாங்காமல் பலர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோர் பாலைவனத்தினூடாக நடத்திச் செல்லப்பட்டார்கள். சிறைப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்களுள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் வீடு திரும்பவில்லை. இந்தியரில் ஆயிரக் கணக்கானோர் திரும்பவில்லை. டவுன்சென்டோ இஸ்தான்புல்லுக்கு அருகிலுள்ள தீவொன்றில் வசதியான வீட்டில் தங்கவைக்கப்பட்டார். அங்கிருக்கும்போதே 1917 இல் அவருக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த மெசொப்பொத்தேமிய ஆணைக்குழுவின் அறிக்கை, போக்குவரத்திலும் வைத்திய ஏற்பாடுகளிலும் நேர்ந்த சீர்கேடுகளைக் கண்டித்தது. இந்தியாவுக்கான அமைச்சர் ஒஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். மாண்ட சிப்பாய்க்கு அதனால் ஒரு பிடி மாவும் கிடைத்திராது என்பது வேறு விடயம்.

கூட் நகரின் வீழ்ச்சியைப் பேரரசின் கௌரவத்துக்கு நேர்ந்த இழுக்கு என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது எண்ணப்படாத களஞ்சியத்தின் கதையாகவே தெரிகிறது. எந்த யுத்தத்தின் நியாயத்தைப் பற்றியும் எவரும் எவ்வளவும் வாதாடலாம். ஆனால், யுத்தத்தை நடத்துவோரைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அனுப்பியவனுக்கு என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்பதே. அதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் தேசத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் பேசும்போது நாம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை பத்திரிகையாளனுக்கே முதலில் உண்டு. எண்களை எழுதுவது எமக்கு எளிதாக இருந்தது. அவற்றைத் தருவதற்கு ஒவ்வொரு தரப்பிலும் ஆட்கள் இருந்தார்கள். பாண் துண்டைப் பற்றிச் சொல்ல ஒரு நிருபர்தான் இருந்தார். அவருடைய வரியை வெட்டியவன் நான்.

அன்று பக்கத்தில் இடமில்லை என்று சொன்னேன். மறுநாள் பத்திரிகையைப் புரட்டியபோது, அதே பக்கத்தின் அடியில், மூன்று வரி கொள்ளும் இடம் வெறுமையாகவே கிடந்தது.